அத்தியாயம் 7: பழைய கருவிகளை ஹோம் தியேட்டர் ரிசீவரோடு இணைப்பது

ரிசீவரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம், ஆரஞ்சு என்று வரிசை வரிசையாகத் துளைகள். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்கு இவற்றில் பத்துப் பன்னிரண்டு போதும். மற்றவை உங்களிடம் இல்லாத கருவிகளுக்கானவை.

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்கு. ஒருவர், பழைய ரிசீவரை வைத்துக்கொண்டு அதைப் புதிய டிவியோடு சேர்க்க நினைப்பவர். இன்னொருவர், புதிய ரிசீவர் வாங்கிவிட்டு, வீட்டிலிருக்கும் டிவிடி பிளேயரையும் டேப் டெக்கையும் ரெக்கார்டு பிளேயரையும் அதில் பாடவைக்க நினைப்பவர். இருவருக்கும் விதி ஒன்றுதான்: படம் போகும் வழி வேறு, ஒலி போகும் வழி வேறு. எச்.டி.எம்.ஐ வந்த பிறகு இரண்டும் ஒரே கேபிளில் போவதால் இது மறந்துபோய்விட்டது. பழைய கருவி எதுவானாலும் இரண்டையும் பிரித்து யோசியுங்கள். படத்தை நேராக டிவிக்குக் கொடுங்கள், ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொடுங்கள். படமும் ரிசீவர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்.டி.எம்.ஐ துளை இல்லை என்பதற்காக நல்ல ரிசீவரை எடைக்குப் போடாதீர்கள். 2000-களில் வந்த டெனான், யமஹா, ஓன்கியோ, பயனியர் ரிசீவர்கள் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கைமாறுகின்றன. அவற்றில் பழசானது பின்பக்கத் துளைகள்தான். டிரான்ஸ்ஃபார்மரும் ஆம்ப்ளிஃபயரும் நல்ல நிலையில் இருந்தால், இன்றைய மெலிந்த சவுண்ட்பார் பலவற்றைவிட அவை நிறைவாகப் பாடும்.

பிளக்கைச் செருகும் முன்

1. வோல்டேஜைப் படியுங்கள். பவர் கார்டு ரிசீவருக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். 220, 230 அல்லது 240 வோல்ட் என்றிருந்தால் நேராகச் செருகலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றால் 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட். அதை நம் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும், பல சமயம் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். கடையில் ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கன்வெர்ஷன் பிளக், பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரிசீவரில் 400 வாட் என்று போட்டிருந்தால் 600 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். 100 வோல்ட் ரிசீவருக்கு 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரையே கேளுங்கள். 110 வோல்ட்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

2. சிங்கப்பூர், துபாய் சந்தைக்கு வந்த சில மாடல்களில் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். பிளக் சாக்கெட்டில் இல்லாதபோதே அதை 220-240 பக்கம் திருப்பி வையுங்கள்.

3. பரணில் நெடுநாள் கிடந்த ரிசீவர் என்றால் பவர் கார்டை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எலிக் கடி, வெடிப்பு, பிசுபிசுப்பு இருந்தால் கார்டை மாற்றிய பிறகே மின்சாரம். மேல்மூடியின் காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டையோ எறும்புப் புற்றோ உப்பிய கெபாசிட்டரோ தெரிந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் முதலில் சீரிஸ் பல்ப் வழியாகத்தான் ஆன் செய்து பார்ப்பார்.

4. மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

5. இடம் ஒதுக்குங்கள். ரிசீவர் சூடாகும் பண்டம். தலைக்கு மேல் 10 செ.மீ. காற்று வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. அதன் தலைமேல் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைப்பது பல வீடுகளில் நான் பார்க்கும் தவறு. இரண்டுமே சூட்டில் வதங்கும்.

6. ஸ்பீக்கரின் ஓம் அளவைப் பாருங்கள். ரிசீவரின் ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்தில் '6–16 ஓம்' என்பதுபோல எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் எண் அதற்குள் வர வேண்டும். ஒரே பெட்டியில் பிளேயர், ஸ்பீக்கர், வூஃபர் எல்லாம் சேர்ந்து வந்த பழைய பேக்கேஜ் செட்டுகளின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 3 அல்லது 4 ஓம். அவை அந்தந்தச் செட்டின் ஆம்ப்புக்கென்று செய்தவை. பெரிய ரிசீவரில் மாட்டினால் ரிசீவர் சூடாகிப் பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். தொடர்ந்து ஓட்டினால் கெட்டும் போகும்.

முதலில் ஒரு தாள்

கேபிளைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளில் கருவிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: படம் எங்கே, ஒலி எங்கே. ஒரு வீட்டின் தாள் இப்படி இருக்கலாம்:

- செட்டாப் பாக்ஸ்: படம் எச்.டி.எம்.ஐ-யில் டிவிக்கு, ஒலி ஆப்டிக்கலில் ரிசீவருக்கு.
- டிவிடி பிளேயர்: படம் காம்பொனென்டில் டிவிக்கு, ஒலி கோஆக்ஸியலில் ரிசீவருக்கு.
- வி.சி.ஆர்: படம் மஞ்சள் பின்னில் டிவிக்கு, ஒலி சிவப்பு, வெள்ளையில் ரிசீவருக்கு.
- டேப் டெக்: படம் இல்லை, ஒலி சிவப்பு, வெள்ளை, போக ஒரு ஜோடி வர ஒரு ஜோடி.
- ரெக்கார்டு பிளேயர்: படம் இல்லை; ஒலி ஃபோனோ துளைக்கு, கூடவே எர்த் வயர்.

இதை எழுதியதும் எத்தனை கேபிள், எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். கடைக்குப் போகும்போது இந்தத் தாளையே கொண்டுபோங்கள்.

கேபிள் வகைகளில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சிவப்பு, வெள்ளை பின்கள் ஸ்டீரியோ ஒலி. சிவப்பு எப்போதும் வலது. மஞ்சள் பின் சாதாரணப் படம். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் சேர்ந்தது காம்பொனென்ட், மஞ்சளைவிடத் தெளிவான படம், ஆனால் ஒலி கிடையாது. ஆரஞ்சு நிறத் துளை கோஆக்ஸியல் டிஜிட்டல் ஒலி. சதுரமாகச் சின்ன மூடி போட்டது ஆப்டிக்கல். கோஆக்ஸியல், ஆப்டிக்கல் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை: ஸ்டீரியோவையும் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ் 5.1 ஒலியையும் கொண்டுபோகும். ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூ எச்.டி, டி.டி.எஸ்-எச்.டி இவற்றில் போகாது.

குறிப்பு: கோஆக்ஸியல் டிஜிட்டலுக்கென்று தனிக் கேபிள் தேடி அலைய வேண்டாம். நல்ல மஞ்சள் வீடியோ கேபிள் ஒன்றை மாட்டுங்கள். இரண்டுமே 75 ஓம் கேபிள்தான்.

ஸ்பீக்கர் வயர்: அவசரப்படக் கூடாத இடம்

மொத்த வேலையிலும் ரிசீவரைக் கொல்லக்கூடிய தவறு நடப்பது இங்கேதான். அதனால் நேரம் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. எலக்ட்ரிக் கடையில் இரட்டை இழை, 1.5 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயர் வாங்குங்கள். ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இது தாராளம். விலை மிகக் குறைவாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செப்பு பூசியதாக இருக்கலாம். முனையை நறுக்கிப் பாருங்கள். வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

2. முனையிலிருந்து ஒரு செ.மீ. அளவுக்கு மட்டும் மேல்தோலைப் பிளேடால் சுற்றிலும் மெல்லக் கீறி, உருவி எடுங்கள். அழுத்திக் கீறினால் உள்ளிருக்கும் இழைகளும் அறுபடும்.

3. வெளியே வந்த மெல்லிய செப்பு இழைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரே பக்கமாக முறுக்குங்கள். ஒரே கம்பிபோல இறுகும்வரை முறுக்க வேண்டும்.

4. ரிசீவர் முனையின் மூடித் திருகைத் தளர்த்தினால் அதன் தண்டில் ஒரு துளை தெரியும். முறுக்கிய முனையை அதில் நுழைத்து, திருகை விரலால் இறுக்குங்கள். கட்டிங் பிளேயர் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் உடையும்.

5. இப்போது குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு முனையாகப் பாருங்கள். முறுக்கிலிருந்து தப்பிய ஒரே ஒரு இழை, மயிரிழை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான். அப்படி ஏதாவது தெரிந்தால் கழற்றி, மறுபடி முறுக்கி மாட்டுங்கள்.

6. சிவப்பு முனை சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. வயரில் நிறம் இல்லையென்றால் ஒரு இழையின் மேல் கோடோ எழுத்தோ மேடோ இருக்கும். எல்லா ஸ்பீக்கருக்கும் அந்த இழையையே சிவப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் எதுவும் எரியாது. ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் கலைந்து கேட்கும். "என்னமோ சத்தம் சப்பென்று இருக்கிறது" என்று சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முன் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய மோனோ பாட்டு ஒன்றைக் கேளுங்கள். குரல் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும்.

நிறம் அழிந்துபோன பழைய ஸ்பீக்கரா? ரிசீவரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு நொடி மட்டும் தொடவிடுங்கள். வூஃபரின் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

சப்-வூஃபர் இதில் சேராது. ரிசீவரின் 'சப்-வூஃபர்' துளையிலிருந்து வருவது வெறும் சிக்னல். அதற்குத் தன் சொந்த ஆம்ப்பும் பவர் கார்டும் கொண்ட ஆக்டிவ் சப்-வூஃபர்தான் வேண்டும். பேக்கேஜ் செட்டின் வெறும் மரப்பெட்டி வூஃபரை அங்கே மாட்டினால் சத்தமே வராது.

கருவி கருவியாக

எல்லாக் கருவிகளின் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். சிவப்பு, வெள்ளை பின்களைச் செருகும்போது நடுக்குச்சிதான் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். ஆன் செய்த நிலையில் செருகினால் அந்த இடைவெளியில் எழும் 'டர்ர்' ஒலி ட்வீட்டரைப் பதம் பார்க்கும்.

*டிவி.* டிவியின் ஒலி ரிசீவருக்கு வர மூன்று வழிகள், இந்த முன்னுரிமையில்:

1. டிவியிலும் ரிசீவரிலும் 'ஏ.ஆர்.சி' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ துளை இருந்தால் இரண்டையும் ஒரே கேபிளால் சேருங்கள். ரிசீவரில் அது எச்.டி.எம்.ஐ 'அவுட்' துளை. இரண்டின் மெனுவிலும் எச்.டி.எம்.ஐ கன்ட்ரோலை ஆன் செய்யுங்கள். ஏ.ஆர்.சி வந்தது 2009-இல் வெளியான எச்.டி.எம்.ஐ 1.4-இல்தான், அதற்கு முந்தைய ரிசீவரில் தேடாதீர்கள்.
2. இல்லையென்றால் டிவியின் ஆப்டிக்கல் 'அவுட்'டிலிருந்து ரிசீவரின் ஆப்டிக்கல் 'இன்'னுக்கு.
3. இரண்டும் இல்லாத டிவியில் ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு-வெள்ளைக்கு மாறும் கேபிள். ஸ்டீரியோ மட்டும் வரும்.

ஆப்டிக்கல் கேபிளின் இரு நுனியிலும் கண்ணாடிபோல் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்து, உள்ளே போகவில்லையே என்று அழுத்தி, துளையின் கதவை உடைப்பவர்கள் நிறையப் பேர். மூடியைக் கழற்றி, நுனியின் வடிவத்தைத் துளையோடு பொருத்தி, 'க்ளிக்' என்னும்வரை தள்ளுங்கள். டிவியை ஆன் செய்ததும் கேபிளின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் சிக்னல் வருகிறது என்று அர்த்தம். முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம், உள்ளங்கையில் காட்டிப் பாருங்கள். கேபிளைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது.

பழைய டிவிகள் பல, எச்.டி.எம்.ஐ வழியாக உள்ளே வரும் 5.1 ஒலியை ஆப்டிக்கலில் வெறும் ஸ்டீரியோவாகத்தான் வெளியே விடும். அதனால்தான் செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர் ஒலியை டிவி வழியாகச் சுற்றாமல் நேராக ரிசீவருக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

*டிவிடி பிளேயர்.* கோஆக்ஸியலோ ஆப்டிக்கலோ எது இருக்கிறதோ அது. பிறகு பிளேயரின் மெனுவில் ஆடியோ பகுதிக்குப் போங்கள். 'எஸ்.பி.டி.ஐ.எஃப்' அல்லது 'டிஜிட்டல் அவுட்' என்றிருக்கும். அதில் 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று வையுங்கள். 'பி.சி.எம்' என்றிருந்தால் 5.1 டிஸ்க் போட்டாலும் ஸ்டீரியோதான் வரும். 'ஆஃப்' என்றிருந்தால் ஒன்றுமே வராது. 5.1 டிஸ்க் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ் என்று எழுத்து வர வேண்டும். அது வந்தால்தான் இந்த வேலை முடிந்தது.

படத்துக்குக் காம்பொனென்ட் மாட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. படத்திலும் ஒரு சிவப்பு, ஒலியிலும் ஒரு சிவப்பு. முதலில் படத்தின் மூன்றையும் இரு முனையிலும் செருகி முடித்துவிட்டு, பிறகு ஒலிக்கு வாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பச்சைத் துளையையே மஞ்சளுக்கும் பயன்படுத்தும் டிவிகள் உண்டு; டிவி ரிமோட்டில் 'ஏவி' என்பதற்குப் பதில் 'காம்பொனென்ட்' என்று மாற்றிப் பாருங்கள். பிளேயர் மெனுவில் படத்தின் வகையை மாற்றப் போகிறீர்கள் என்றால் மஞ்சள் பின்னையும் தற்காலிகமாக மாட்டி வையுங்கள். தவறான வகையைத் தேர்ந்தெடுத்துத் திரை இருண்டுபோனால் மெனுவுக்குத் திரும்ப அது உதவும்.

*செட்டாப் பாக்ஸ்.* எச்.டி பாக்ஸ் என்றால் தாளில் எழுதியபடி. அமைப்பில் ஒலி வகை 'டால்பி' என்று இருக்கட்டும். மூன்று பின் மட்டும் உள்ள பழைய பாக்ஸ் என்றால் மஞ்சள் டிவிக்கு, சிவப்பு-வெள்ளை ரிசீவருக்கு. பாக்ஸின் வால்யூமை உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, ரிசீவரில் மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

*வி.சி.ஆர்.* மஞ்சள் பின்னை ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ போட்டால் படம் வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மஞ்சளில் வந்ததை எச்.டி.எம்.ஐ-யாக மாற்றும் ரிசீவரில்தான் அது நடக்கும். மற்றவற்றில் மஞ்சளில் வந்தது மஞ்சளில் மட்டும்தான் வெளியே போகும். எனவே படத்தை நேராக டிவிக்கே கொடுங்கள். மோனோ வி.சி.ஆரில் ஒரே ஒரு ஒலிப் பின்தான் இருக்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் 'ஒய்' பின் வாங்கி இரண்டு துளைக்கும் கொடுங்கள்.

*டேப் டெக்.* டெக்கின் 'அவுட்' ரிசீவரின் 'இன்'னுக்கு, ரிசீவரின் 'அவுட்' டெக்கின் 'இன்'னுக்கு. கேட்க மட்டும் என்றால் முதல் ஜோடி போதும். வீட்டிலிருக்கும் குரல் பதிவுகளைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்கள், டெக்கின் 'அவுட்'டைக் கணினிக்கே நேராகக் கொடுப்பது நல்லது. டெக்கில் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு: பெரும்பாலான ரிசீவர்களில் ஆப்டிக்கல், கோஆக்ஸியல் வழியாக வரும் ஒலி டேப் 'அவுட்'டில் போகாது. எந்தக் கருவியிலிருந்து பதிவு வேண்டுமோ, அதற்குச் சிவப்பு-வெள்ளையும் மாட்டியிருக்க வேண்டும்.

*ரெக்கார்டு பிளேயர்.* இது தனி ஜாதி. மேக்னட்டிக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, சி.டி. பிளேயர் கொடுப்பது 2 வோல்ட் வரை. அந்தச் சிறிய சிக்னலைப் பெருக்கி, இசைத்தட்டில் வெட்டும்போது குறைத்த பேஸைத் திரும்பக் கூட்டவே 'ஃபோனோ' துளை இருக்கிறது.

1. ரிசீவரில் ஃபோனோ துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரைப் பக்கத்திலிருக்கும் 'கிரவுண்ட்' திருகில் சுற்றி இறுக்குங்கள். இதைக் கரண்ட் சாக்கெட்டின் எர்த்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.
2. ஃபோனோ துளை இல்லையென்றால் ஒரு ஃபோனோ ப்ரீ-ஆம்ப் வாங்கி, அதன் 'அவுட்'டை ரிசீவரின் சி.டி. துளைக்குக் கொடுங்கள்.
3. டர்ன்டேபிளின் பின்னாலேயே 'ஃபோனோ / லைன்' சுவிட்ச் இருந்தால் ப்ரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. 'லைன்' வைத்துச் சாதாரணத் துளையில் மாட்டுங்கள். 'லைன்' வைத்து ஃபோனோவிலும் மாட்டினால் ஒலி பிளந்துகொண்டு வரும்.
4. சின்ன, பழைய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் சிக்னல் பெரியது. ஃபோனோ துளைக்கு ஒத்துவராது. சாதாரணத் துளையில் மாட்டுங்கள், பேஸ் குறைவாகத்தான் கேட்கும்.

எச்சரிக்கை: சி.டி. பிளேயர், டேப் டெக், மொபைல் எதையும் ஃபோனோ துளையில் செருக வேண்டாம்.

*புதிய ஸ்டிக், பழைய ரிசீவர்.* இணையத்தில் படம் காட்டும் ஸ்டிக்கில் எச்.டி.எம்.ஐ மட்டும்தான் இருக்கும். ரிசீவரில் அது இல்லை. நடுவே 'எச்.டி.எம்.ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்' என்னும் சிறு பெட்டியைப் போடுங்கள்: படம் டிவிக்குப் போகும், ஒலி ஆப்டிக்கலில் ரிசீவருக்கு வரும். அதில் இருக்கும் குட்டி சுவிட்சை 5.1 பக்கம் தள்ளுங்கள். ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் 'டால்பி டிஜிட்டல்' தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிக்கலில் போகாது.

ஒரு இடைக்கால ரகமும் உண்டு. எச்.டி.எம்.ஐ வந்த தொடக்க காலத்தில் வெளியான சில ரிசீவர்களில் அந்தத் துளை படத்தைக் கடத்திவிட மட்டுமே. ஒலியை அதிலிருந்து எடுக்காது. எச்.டி.எம்.ஐ மாட்டியும் சத்தம் இல்லையென்றால் கூடவே ஆப்டிக்கலும் போடுங்கள்.

முதல் முறை ஆன் செய்வது

1. ரிசீவரின் வால்யூமைக் கடைசிவரை குறையுங்கள்.
2. ஸ்பீக்கர் முனைகளை இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.
3. ரிசீவரை மட்டும் ஆன் செய்யுங்கள். சில நொடியில் உள்ளே 'டக்' என்று ரிலே விழும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்காமல் 'ப்ரொடெக்ட்' என்று வந்தாலோ தானாக அணைந்தாலோ, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது அணையாமல் ஓடினால் வயரில் ஷார்ட். இப்போதும் அணைந்தால் கோளாறு உள்ளே; மெக்கானிக் வேலை.
4. ஐந்து நிமிடம் சும்மா ஓடட்டும். எரிந்த வாடையோ புகையோ வந்தால் அணைத்துவிடுங்கள்.
5. ஒரு கருவியை மட்டும் ஆன் செய்து, வால்யூமை மெல்லக் கூட்டுங்கள். அது சரியானதும் அடுத்தது.

நெடுநாள் கிடந்த ரிசீவரில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், அணைத்த நிலையில் இருபது முப்பது முறை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். பெரும்பாலும் சரியாகும்.

அடுத்து, துளைக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பது. ரிமோட்டில் 'டிவிடி' அழுத்தினால் எந்த டிஜிட்டல் துளையைக் கேட்க வேண்டும் என்று ரிசீவர் முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்திருக்கும். நீங்கள் மாட்டியது ஆப்டிக்கல் 2, அது கேட்பது கோஆக்ஸியல் 1 என்றால் மௌனம்தான். மெனுவில் 'இன்புட் அசைன்' பகுதிக்குப் போய், தாளில் எழுதியபடி மாற்றுங்கள். மெனு திரையில் தெரியாவிட்டால் ரிசீவரின் மஞ்சள் 'மானிட்டர் அவுட்'டை டிவிக்கு ஒரு கேபிள் போட்டுப் பாருங்கள். பழைய மாடல்கள் சில, மெனுவை அதில் மட்டும்தான் காட்டும்.

ஸ்பீக்கர் அமைப்பு

மைக்கோடு வந்த ரிசீவர் என்றால் பாதி வேலை அதுவே செய்யும். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவோ, பயனியரில் எம்.சி.ஏ.சி.சி என்று பெயர் மாறும்; செய்வது ஒன்றே. மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். சோபா மெத்தைமேல் படுக்க வைக்காதீர்கள். மின்விசிறி, ஏ.சி, மோட்டார் எல்லாம் நிற்கட்டும். அடுப்பில் குக்கர் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஒரு விசில் வந்தால் முழு அளவும் பிசகும்.

மைக் இல்லையென்றால் டேப் பிடித்து அளந்து, இந்த வரிசையில் கொடுங்கள்:

1. ஸ்பீக்கர் அளவு: தரையில் நிற்கும் பெரிய டவர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 'ஸ்மால்'.
2. கிராஸ்ஓவர்: நடுத்தரப் பெட்டி ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ், கையளவு ஸ்பீக்கருக்கு 120 ஹெர்ட்ஸ்.
3. தூரம்: உங்கள் தலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம்.
4. ஒலி அளவு: டெஸ்ட் டோனை ஓடவிட்டு, மொபைலில் டெசிபல் மீட்டர் செயலி வைத்து, எல்லா ஸ்பீக்கரும் ஒரே எண் காட்டும்வரை திருத்துங்கள். 75-க்கு அருகில் வைத்துக்கொண்டால் போதும்.
5. சப்-வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் வையுங்கள், வால்யூம் குமிழைப் பாதியில். பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

மைக் வைத்துச் செய்தாலும் முதல் இரண்டையும் கடைசியில் ஒருமுறை பாருங்கள். சிறிய முன் ஸ்பீக்கரையும் 'லார்ஜ்' என்று குறித்துவைக்கும் பழக்கம் இந்தத் தானியங்கி முறைகளுக்கு உண்டு.

படத்தை நேராக டிவிக்குக் கொடுத்ததால், உதடு அசையும் முன்பே வசனம் கேட்கலாம். டிவி படத்தைச் செதுக்க நேரம் எடுத்துக்கொள்வதால் வரும் இடைவெளி அது. ரிசீவரின் 'ஆடியோ டிலே'வை 40 மில்லி செகண்டில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். செய்தி வாசிப்பவர் முகத்தை வைத்துச் சரிபார்ப்பது எளிது.

'ம்ம்ம்' இரைச்சல்

பழைய கருவிகளைச் சேர்த்ததும் தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் கேட்டால், பெரும்பாலும் எர்த் சுழற்சிதான் காரணம்.

1. கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி அது. ஆப்டிக்கலில் ஒலி கொடுத்தால் தீரும், ஆப்டிக்கலில் உலோகத் தொடர்பே இல்லை.
2. நிற்கவில்லையென்றால் சிவப்பு-வெள்ளை ஜோடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தக் கருவி என்று கண்டுபிடியுங்கள்.
3. எல்லாப் பிளக்கையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பாருங்கள்.
4. ரெக்கார்டு பிளேயரில் மட்டும் என்றால் எர்த் வயர் தளர்ந்திருக்கும்.
5. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அந்த நேரத்தில் ரிசீவரை அணைத்து வையுங்கள்.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் உறுமல் போகும் என்று சொல்பவர்கள் உண்டு. உறுமல் போகலாம், கருவியின் உலோக உடலில் கசிவு வந்தால் தொட்டவர் உயிரும் போகலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

முடித்த பிறகு

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பேப்பர் டேப் ஒட்டி, எந்தக் கருவி என்று எழுதுங்கள். பின்பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் வயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மெனுவில் 'ரீநேம்' இருந்தால், இன்புட்டுகளுக்கு வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ளும் பெயராகக் கொடுங்கள். 'மேக்ஸ் வால்யூம்' இருந்தால், உங்கள் ஸ்பீக்கர் பிளந்து ஒலிக்கத் தொடங்கும் இடத்துக்கு நன்றாகக் கீழே அதை நிறுத்துங்கள். 'பவர்-ஆன் வால்யூம்' இருந்தால் அதையும் தாழ்த்தி வையுங்கள்; நேற்று இரவு யார் எவ்வளவு கூட்டி வைத்திருந்தாலும் காலையில் ஆன் செய்பவருக்கு ரிசீவர் அந்த அளவில்தான் தொடங்கும்.